சட்டைப் பையில் போட்ட துண்டுச் சீட்டு

மேசை மணியை ஒரு கையிலும் கடிகாரத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, பேச வந்தவர்களைப் பேசவிடவும் தெரிந்த, நிறுத்தவும் தெரிந்த அவைத் தலைவர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அவர்களே! மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வந்து இந்த மாணவர்களின் நாவைத் தீட்டி, நடுக்கத்தை ஓட்டிய பயிற்சி ஆசிரியை அவர்களே! நாங்கள் பேசிக் களைத்தாலும் கேட்டுக் களைக்காத பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை வயிற்றில் கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளை மேடையேறுவதைப் பார்க்க ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! சான்றிதழுக்காக முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் பேருந்து நடத்துநரே, துணிக்கடை விற்பனையாளரே, பல் மருத்துவரே, பெயர் சொல்லவே கூச்சப்படும் பிற பயிற்சியாளர்களே! கரகரப்பு வந்தால் தன்னை விட்டுவிட்டு என்னை முறைக்கும் ஒலிபெருக்கிக்காரரே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

கடைசி வரிசை வரை கேட்கிறதா?

கேட்கிறது என்கிறீர்கள். நன்றி. உங்களுக்குக் கேட்கிறது. எனக்குத்தான் முப்பது ஆண்டுகளாகக் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் ‘மேடைப்பேச்சின் அடிப்படைகள்: ஒரு மீள்பார்வை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே எனக்கு ‘சொல்மாரி’ என்று ஒரு பட்டம். மாரி என்றால் மழை. மழை ஊருக்கு நல்லதுதான். ஒழுகும் கூரைக்கு அடியில் குடியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்.

வேண்டாம், வேண்டாம், கை தட்டாதீர்கள். இன்றைக்குக் கைதட்டல் வாங்கக் கூடாது என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிழைப்புக்கு நான் மின்சார அலுவலகத்தில் எழுத்தர். அதுவும் எந்தப் பிரிவில்? புகார்ப் பிரிவில். பகல் முழுவதும் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மக்கள் புகார் சொல்வார்கள். சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மாலைப் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். “ஐயா, நாலு நாளா வீட்டுல வெளிச்சம் இல்ல” என்பார் ஒருவர். அடடா, இருளைப் பற்றி நல்ல ஒரு வரி கிடைத்ததே என்று குறித்துக்கொள்வேன். அவருடைய புகாரைக் குறித்தேனா என்றால், அது எனக்கு நினைவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பதற்கு இனி அதிகம் இருக்காது.

அடிப்படைக்கு வருகிறேன். மேடையில் முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு காலும் தரையில் படட்டும். தாளைக் கையில் பிடிக்காதீர்கள், மேசைமேல் வையுங்கள். கை நடுங்கினால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், தாள் நடுங்கினால் ஊருக்கே தெரியும். இதை நான் இருபத்திரண்டு வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டு வகுப்பிலும் இதற்கு மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள். எங்கே சிரிப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அதுதான் என் தொழில், அதுதான் என் நோய்.

அடுத்தது குரல். குரலைப் பற்றி என்னைவிட யார் பேசிவிட முடியும்? ஒரு மாணவர் வாயைத் திறந்து ‘வணக்கம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். இவருக்குச் சளி, இவருக்குப் பயம், இவர் நேற்று யாரோடோ சண்டை போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது இது! ஊரார் தொண்டையை உளவு பார்த்த காது! அரங்கத்தின் அடிமூலை வரை அளந்து வைத்த காது! அந்தக் காதுக்கு ஒரு கையெட்டும் தூரத்தில், சமையலறையில், என் மனைவியின் குரல் ஆறு மாதமாகக் கம்மிக்கொண்டே வந்தது. கேட்டதா எனக்கு?

“தொண்டை என்னமோ மாதிரி இருக்குங்க” என்றார்.

“உப்புத் தண்ணியில கொப்பளி” என்றேன்.

ஒரு மாதம் கழித்து, “இன்னும் சரியாகலங்க” என்றார்.

“வெந்நீர் குடி. கத்திப் பேசாதே” என்றேன். யார் யாருக்குச் சொன்னது பாருங்கள்! கத்துவதே தொழிலாக வைத்திருக்கிறவன், வீட்டில் வாயே திறக்காதவரைப் பார்த்துச் சொன்னது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆறாவது மாதம் அவருடைய தங்கைதான் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனார். குரல்வளையில் புற்று. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப உயிரைக் காப்பாத்தணும்னா குரல்வளையை எடுத்துத்தான் ஆகணும்” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினைந்து நிமிடம் அவரிடம் பேசினேன். மருத்துவத்தின் மாண்பைப் பற்றிப் பேசினேன். அவர் பாவம், வாசலில் நோயாளிகள் காத்திருக்க, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். இன்றைக்கு நான் நேரத்தை மீற மாட்டேன் ஐயா, வாக்குக் கொடுக்கிறேன்.

மூன்றாவது என்ன? பார்வை. கூட்டத்தை மொத்தமாகப் பார்க்காதே, ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பார் என்பது பாடம். நான் தேர்ந்தெடுத்த முகம் என் மனைவியின் முகம். முப்பது ஆண்டுகளாக எந்தக் கூட்டமானாலும் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். எங்களுக்குள் இரண்டு சைகை உண்டு. அவர் காதைத் தொட்டால், குரல் போதவில்லை, ஏற்று என்று பொருள். மணிக்கட்டைத் தொட்டால், நேரமாகிவிட்டது, முடி என்று பொருள். காதைத் தொட்ட போதெல்லாம் உடனே கீழ்ப்படிந்தேன். மணிக்கட்டைத் தொட்ட போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆம், இன்றும் வந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மொத்த அரங்கமும் திரும்பிவிட்டது. தயவுசெய்து இந்தப் பக்கம் பாருங்கள். அவருக்குக் கூட்டம் பார்ப்பது பிடிக்காது. பார்க்கப்படுவது எனக்குத்தான் பிடிக்கும்.

இனி நேரத்தைப் பற்றிய பாடம். இதைச் சொல்லத்தான் மூன்று ஆண்டுகளாக வாய் கூசியது.

பேச்சாளர்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். என்ன எழுதியிருக்கும்? ‘நேரமாகிவிட்டது’ என்று எழுதியிருக்கும். ‘இன்னும் நால்வர் பேச வேண்டும்’ என்று எழுதியிருக்கும். மிஞ்சிப் போனால், வாசலை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கும். ஆகவே பெரிய பேச்சாளன் சீட்டைப் பிரிக்க மாட்டான். பிரித்தால் பேச்சின் ஓட்டம் அறும். வாங்கி, மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே போவான். சீட்டைப் படிக்கிறவன் கற்றுக்குட்டி, பையில் போடுகிறவன் பேச்சாளன்! இதை நானே உங்கள் ஆசிரியைக்குப் பாடமாகச் சொன்னேன். அவர் உங்களுக்குச் சொன்னாரா? சொன்னார் என்று தலையாட்டுகிறார் நடத்துநர். அழித்துவிடுங்கள் ஐயா. அந்தப் பக்கத்தைக் கிழித்தே எறிந்துவிடுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள். இதே அரங்கம். இதே தலைவர். காலை பத்து மணிக்குக் கூட்டம். எனக்குக் கொடுத்த நேரம் அரை மணி. தலைப்பு, ‘சொல்லின் வலிமை’. அதே நாள் மாலை நான்கு மணிக்கு, இங்கிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவமனையில் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை.

அன்று எதற்கு நீ பேசப் போனாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான்கு மணிக்குத்தானே அறுவை, ஒரு மணிக்குள் வந்துவிடலாமே என்று கணக்குப் போட்டேன். காலையில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“போயிட்டு வாங்க” என்றார். அந்தக் கம்மிய குரலில்தான். “ஆனா ஒரு மணிக்குள்ள வந்துடுங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“இப்பவே சொல்லேன்” என்றேன், பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

“இல்ல. அவசரத்துல சொல்ற விஷயம் இல்ல அது. நீங்க உக்காந்து கேக்கணும்.”

நீங்க உக்காந்து கேக்கணும்! முப்பது ஆண்டு வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட ஒரே வரம். கொடுத்தேனா?

பத்தேகாலுக்குப் பேசத் தொடங்கினேன். அன்று என்னமோ சொல் வந்து கொட்டியது. மனைவியின் குரல் போகப் போகிறது என்ற துக்கம் இருந்ததல்லவா, அந்தத் துக்கத்தைக்கூட விறகாக வைத்து எரித்தேன். கூட்டம் கிறங்கிக் கிடந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும். ஒரு தொண்டர் மேசைமேல் ஒரு சீட்டை வைத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, நான்காக மடித்த சீட்டு.

எடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கி, இப்படி உயர்த்திக் காட்டினேன். “தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நிறுத்து என்கிறார். நிறுத்தட்டுமா, நீட்டட்டுமா?” என்றேன்.

“பேசுங்க! பேசுங்க!” என்று அரங்கம் அதிர்ந்தது. தலைவர், இதோ இருக்கிறாரே இதே தலைவர், பதறிப் போய், ‘நான் அனுப்பவில்லை’ என்று இரண்டு கையையும் ஆட்டினார். “பார்த்தீர்களா, பயந்துவிட்டார்!” என்றேன். அதற்கும் சிரிப்பு. சீட்டு என் சட்டைப் பைக்குள் போயிற்று.

சீட்டைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் தங்கை. தையல் கடை வைத்திருப்பவர். காலையில் கடையிலிருந்து நேரே மருத்துவமனைக்கு ஓடிவந்தவர், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்திருந்தார். மேடைப் படியில் ஏற வந்தவரை, “கூட்டம் முடிஞ்சதும் ஐயாவைப் பாருங்கம்மா” என்று தொண்டர்கள் தடுத்து, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கீழே நின்று “அத்தான்! அத்தான்!” என்று கத்தியும் பார்த்தாராம். ஆறு ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு தொண்டை என்ன செய்யும்? கடைசியில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நான் பார்த்தேன். பார்த்தேன் ஐயா, பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன்? “மகளிர் பகுதியிலிருந்து வாழ்த்து வருகிறது, என் குடும்பமே என்னைப் பாராட்டுகிறது” என்றேன்.

அதற்கு விழுந்த கைதட்டல் இன்னும் இந்தச் சுவரில் இருக்கிறது.

அவர் கையைக் கீழே போட்டார். திரும்பி நடந்தார். அக்கா அங்கே தனியாக இருந்தாரே.

நான் முடித்தபோது பன்னிரண்டேகால். கொடுத்த அரை மணியை இரண்டு மணியாக்கிய பெருமை முகத்தில் வழிய, வழியெல்லாம் வணக்கம் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குள் வந்துவிட்டேன் பார் என்று வேறு மனசுக்குள் ஒரு பீற்றல். மூன்றாவது மாடியில் காவலாளி அனுமதிச் சீட்டைக் கேட்டார். பையில் கையை விட்டேன். இரண்டு சீட்டு வந்தது. மடித்ததைப் பிரித்தேன். என் மனைவியின் கையெழுத்து.

‘ஆபரேஷனைப் பன்னிரண்டு மணிக்கு மாத்திட்டாங்க. உடனே வாங்க. பேசணும்.’

அந்த நேரத்துக்கு இருந்த நோயாளிக்குக் காய்ச்சலாம். அதனால் இவரை முன்னால் எடுத்துக்கொண்டார்களாம். சீட்டு என் கைக்கு வந்தபோது இன்னும் முழுதாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நடந்து போனாலும் பத்து நிமிடம். ஒரு மணி நேரம்! ஒரு மணி நேரம் என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே கிடந்தது அவர் குரல்!

உள்ளே போனேன். கட்டில் காலி. மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமும் பக்கத்து மேசையில் இருந்தன. செவிலியர் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

“இப்பதான் வரீங்களா சார்? கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க. தள்ளுவண்டியில ஏத்தினப்பகூட, ‘இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம்மா’ன்னு கெஞ்சினாங்க. நாங்க என்ன சார் பண்ணுவோம், டாக்டர் காத்திட்டிருந்தாரு.”

இன்னும் இரண்டே இரண்டு நிமிடம்! எத்தனை தலைவர்களிடம், எத்தனை மேடைகளில், எத்தனை முறை நான் கேட்டு வாங்கிய இரண்டு நிமிடம்! நான் கேட்ட போதெல்லாம் ஊர் கொடுத்தது. அவர் ஒரே ஒரு முறை கேட்டார். அவருக்குக் கொடுக்க யாரிடமும் இல்லை. அந்தத் தொண்டையிலிருந்து வந்த கடைசிச் சொற்கள் அவைதான்.

வெளியே பெஞ்சில் மைத்துனி உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “வாங்க அத்தான். பேச்சு நல்லா இருந்துதா?”

அவையோரே, மூன்று ஆண்டுகள் நான் எந்த மேடையிலும் ஏறவில்லை.

உயிர் பிழைத்தார். அதற்கு அந்த மருத்துவருக்கு நான் எத்தனை வணக்கம் சொன்னாலும் தகும். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு முறை வைத்துப் பார்த்தார். அதில் வந்தது யார் குரலோ. அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது சமையலறையில் ஒரு கயிற்றில் சின்ன நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. ‘அரிசி இல்லை’, ‘விளக்கை அணைங்க’ என்று எழுதுவார். கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். நான் அதிகம் பேசினால் இரண்டு தட்டு.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது.

அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தாய் என்று கேட்டேன். நோட்டில் எழுதினார்: ‘அது சொல்றதுக்கு. எழுதறதுக்கு இல்ல.’ ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டேன். ‘மறந்துபோச்சு’ என்று எழுதினார். மறக்கிற ஆளில்லை அவர். மூன்றாம் முறை கேட்டபோது நோட்டை மூடிவிட்டார்.

என்னவாக இருக்கும்? என் மேல் ஒரு கோபமாக இருக்குமோ? யாரிடமும் சொல்லாத ஒரு வருத்தமாக இருக்குமோ? உங்களோடு வாழ்ந்ததில் எனக்குக் குறையில்லை என்ற ஒரு வார்த்தையாக இருக்குமோ? அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்பதாகக்கூட இருக்கலாம். அதுவானால்கூடப் போதும், அந்தக் குரலில் அது கிடைத்தால் போதும் எனக்கு! தேடித் தேடிப் பார்க்கிறேன். வீட்டில் என் பேச்சு பதிவான ஒலிநாடாக்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் குரல் பதிவானது ஒன்றுகூட இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு அழைக்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். நான் முடியாது என்றேன். கரண்டி ஒரு தட்டுத் தட்டியது. போனேன். நோட்டில் ‘போங்க’ என்று எழுதியிருந்தது. ஏன் என்று தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

அன்பார்ந்த பயிற்சியாளர்களே! மீள்பார்வை என்று சொன்னீர்களே, இதோ என் மீள்பார்வை. பேச்சுக்கு அடிப்படை எது? வாயா? வாய் தவளைக்கும் உண்டு! குரலா? குரல் காக்கைக்கும் உண்டு! கூட்டமா? கூட்டம் குழாயடியிலும் உண்டு! பேச்சுக்கு அடிப்படை, எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்போது உன் வாயை மூடத் தெரிவது! ஆயிரம் பேர் கேட்கப் பேசினேன், ஒருவர் பேசக் கேட்டேனா? அரங்கம் அரங்கமாக அளந்தேன், அருகில் இருந்தவரை அறிந்தேனா? வீட்டுக்குப் போங்கள்! சான்றிதழைச் சுவரில் மாட்டும் முன்னால், வீட்டில் இருப்பவர் முன்னால் உட்காருங்கள்! பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்காதீர்கள்! போனைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள்! கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்! காதைக் கொடுத்துக் கேளுங்கள்! குரல் இருக்கும்போதே கேளுங்கள்! நாளைக்கு என்று சொன்னவனுக்கு நாள் மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை! கேளுங்கள்! கேளுங்கள்! கேளுங்கள்!

நன்றி... நன்றி... போதும். எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள். தாய்மார்கள் கண்ணைத் துடைக்கிறீர்கள். உட்காருங்கள் அம்மா. பின்வரிசை, தயவுசெய்து... இந்த அரங்கத்தில் இவ்வளவு பெரிய கைதட்டலை நான்கூட...

என்ன நடத்துநரே? சீட்டா?

தலைவர் அனுப்பியதா? இல்லை என்று தலையாட்டுகிறார். இந்த முறை நம்புகிறேன் ஐயா.

கோடு போட்ட தாள். மேல் ஓரத்தில் கயிறு கோத்த ஓட்டை. இது எங்கள் வீட்டுச் சமையலறை நோட்டு.

பிரிக்கிறேன். இந்த முறை பிரித்துவிட்டேன். மூன்று ஆண்டுகளாக நான் காத்திருந்த அந்தச் சொல்லாக இருக்குமோ என்று கை நடுங்குகிறது. தாளும் நடுங்குகிறது. தெரிகிறதல்லவா?

படிக்கிறேன்.

‘இதுக்கும் கை தட்ட வெச்சுட்டீங்களே.’

அவ்வளவுதான். பின்பக்கமும் பார்த்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

கடைசி வரிசையில் அவர் கை மணிக்கட்டின் மேல் இருக்கிறது.

முடிவுரை ஒன்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது நன்றாக இருக்கும். அதனால் சொல்லப் போவதில்லை.

தலைவருக்கு நன்றி. கேட்டவர்களுக்கு நன்றி. நான் இறங்கிக் கடைசி வரிசைக்குப் போகப் போகிறேன். போய்ச் சேரும் வரை தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள். வணக்கம்.